வரைவதற்கு முன்னால்: மேற்கு மாம்பலத்திலிருந்து சில குறிப்புகள்

மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருக்கும் தி.நகர் வரைந்து கட்டிய ஊர். மேற்கே இருப்பது கட்டிக் கட்டியே உருவான ஊர். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் படுகையை மனைகளாக்கி, 1923 வாக்கில் தி.நகரை அமைக்கத் தொடங்கினார்கள். நடுவில் பனகல் பார்க், அதிலிருந்து பிரிந்து போகும் சாலைகள். எங்கள் பக்கம் முதலில் வீடு வந்தது, பிறகு தெரு, அதற்கும் பிறகு சாக்கடை. ஏரியின் மிச்சமாக லேக் வியூ ரோடு என்ற பெயர் நிற்கிறது.

*

ஊர்களுக்கு ஆலோசனை சொல்வதைத் தொழிலாகச் செய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். தாவரவியல் பேராசிரியராக இருந்து நகரங்களுக்கு வந்தவர். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல வருடம் சேர்த்த நகரமைப்புக் கண்காட்சிப் படங்களெல்லாம் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் தனியாக வந்தன. அந்தக் கப்பலை அக்டோபரில் 'எம்டன்' மூழ்கடித்துவிட்டது. செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன்தான். கெடிஸ் ஓய்ந்து உட்காரவில்லை. நண்பர்கள் புதிதாகப் படங்கள் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தேவிட்டது.

*

அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். ஊர் ஊராகப் போய்த் தெருத் தெருவாக நடந்தார். 1915-ல் மாகாணத்து ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசல் தீர நேர்கோடாகப் புதுத் தெருக்கள் வெட்டுவது என்று ஒரு திட்டம் இருந்தது. வெட்டினால் பல வீடுகள் போகும். கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்துவிட்டு வேறொன்று சொன்னார். இடிந்து பாழாய்க் கிடப்பவற்றை மட்டும் எடுங்கள், இருக்கிற சந்துகளை அங்கங்கே அகலப்படுத்துங்கள், காலி இடத்தில் மரம் வையுங்கள், குடியிருப்பவர்களைக் கிளப்பாதீர்கள். இதற்குச் செலவும் மிகக் குறைவு. புண் இருக்கும் இடத்தில் மட்டும் கத்தி வைக்கிற வைத்தியர் மாதிரியான வேலை.

*

தஞ்சாவூர் விஷயத்தைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. டிசைன் ஆலோசனை நிறுவனங்களுக்கான கூலி பெரும்பாலும் திட்டச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் பேசப்படுகிறது. முதல் கருத்துப் படத்துக்கு ஒரு தவணை, டிபிஆருக்கு (விரிவான திட்ட அறிக்கைக்கு) ஒரு தவணை, டெண்டர் டிராயிங்குக்கு ஒன்று, சைட் மேற்பார்வைக்கு ஒன்று. இந்தக் கணக்கில் திட்டம் பெரிதானால் கூலியும் பெரிதாகும். "இதை இடிக்க வேண்டாம், இவ்வளவு செய்தால் போதும்" என்று ஒருவர் பத்து நாள் நடந்து பார்த்துச் சொன்னால் அவர் கூலி குறைந்துபோகும். ஊருக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிற ஆலோசனைக்கு நம் கணக்கில் பத்தியே இல்லை. நாம் திருத்த வேண்டிய முதல் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

*

கூலிக்கு அடுத்தது டிராயிங். அது இன்னொருவர் கைக்குப் போவதற்காகவே வரையப்படுவது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் இதற்கு நல்ல சாட்சி. எம்.சி.டி. சிதம்பரம் செட்டியார் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக 1953-ல் தொடங்கிய வேலை அது. வரைந்தவர்கள் பிரௌன், மௌலின் என்ற லண்டன் ஆர்க்கிடெக்டுகள். 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் இறந்தார். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. கட்டடம் பாதியில் நிற்கும்போதே கட்டுகிற முதலாளி மாறிவிட்டார். அடுத்து லண்டன்காரர்களும் விலகினார்கள். வேலையை ஏற்று முடித்தவர் எல்.எம். சிட்டாலே. அவர் 1932-ல் சென்னையில் தன் அலுவலகத்தைத் தொடங்கியவர். 1959 ஆகஸ்டில் 177 அடி உயரத்தோடு கட்டடம் திறந்தது. முதலாளியும் ஆர்க்கிடெக்டும் மாறிய பிறகும், டிராயிங் கை மாறியதால் வேலை நின்றுபோகவில்லை.

*

அந்தக் காலத்து டிராயிங் ஆபீஸைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். சாய்ந்த மேஜை, டி-ஸ்குயர், டிரேசிங் தாள், இந்தியன் இங்க். கோடு தப்பினால் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கி, மறுபடி வரைய வேண்டும். சுரண்டுவதற்குச் சங்கடப்பட்டே முதலில் நன்றாக யோசித்தார்கள். அம்மோனியா பிரிண்ட் எடுத்து சைட்டுக்கு அனுப்பினால், மேஸ்திரி கேட்கும் சந்தேகம் சிவப்பு மையில் திரும்பி வரும். இன்று கணினியில் ஒரு தெருவை நொடியில் நகலெடுத்து அடுத்த தெருவில் ஒட்டிவிடலாம். அதனால்தான் போய்ப் பார்க்கிற கட்டாயம் இன்று இன்னும் கூடியிருக்கிறது.

*

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்குப் போகும் ஆகாய நடைபாதையை 2023 மே மாதம் திறந்தார்கள். சுமார் 570 மீட்டர். எங்கள் பக்கத்து ஜனங்கள் ஸ்டேஷன் பாலத்தைக் கடந்து அதைப் பிடிக்கிறார்கள். தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் இறங்காமலே பஸ் ஏறலாம். மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் லிஃப்ட் வாசலில் நிற்பதைப் பார்க்கும்போது, யாரோ இவர்களை மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம் வருகிறது.

*

தி.நகரின் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. இதற்கு விதை 2014-ல் சென்னை மாநகராட்சி ஏற்ற மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் என்று அது சொன்னது. ஐ.டி.டி.பி. என்ற அமைப்பு தொழில்நுட்ப ஆலோசனை கொடுத்தது. நிரந்தரமாகக் கட்டும் முன் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சாலையில் ஒத்திகை பார்த்தார்கள். இந்த ஒத்திகை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காகிதத்தில் சரியாக இருப்பது தரையில் சரியாக இருக்கிறதா என்று கல் பதிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

*

இனி எங்கள் தெரு. இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டி (ஐ.ஆர்.சி. 103) நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கிற அகலம். ஓரக்கல் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. டேப் பிடித்துப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் காருக்கான சரிவு, அடுத்து டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து மழைநீர் வடிகால் மூடி ஒன்று விரற்கடை உயரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வாக்கர் வைத்து நடக்கும் பாட்டி ஒருவர் அந்த மூடி வந்ததும் தெருவில் இறங்கி, தாண்டியதும் மறுபடி ஏறுகிறார். அவருக்குத் தேவை அந்த ஒரு மூடியைச் சமப்படுத்துவது. எந்த டிபிஆரிலும் அது தனி வரியாக வராது.

*

ஆர்ய கவுடா ரோடு காலையில் ஒரு சாலை, சாயங்காலம் வேறு சாலை. அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசமோ கச்சேரியோ இருந்தால் பெரியவர்கள் கூட்டமாக வருவார்கள், முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். காலை ஒன்பது மணிக்கு வண்டிகளை மட்டும் எண்ணிப் போகும் சர்வேயில் இவர்கள் விழமாட்டார்கள். இரண்டு நேரமும் நடந்து பார்த்தவருக்குத்தான் பெஞ்ச் எங்கே வேண்டும், விளக்கு எங்கே வேண்டும், ஆட்டோ எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.

*

என் யோசனை எளிது. வார்டுக்கு ஒரு டிசைன் நிறுவனத்தை ஒரு வருடத்துக்கு நியமியுங்கள். கூலியைத் திட்டச் செலவோடு கட்டாமல் நிலையான தொகையாகப் பேசுங்கள். முதல் மூன்று மாதம் கோடு போட வேண்டாம், நடக்கட்டும், பேசட்டும், எழுதட்டும். பிறகு சின்னச் சின்ன வேலைகளின் பட்டியல் கொடுக்கட்டும்: இந்த மூடி, அந்தச் சரிவு, இந்த மரத்தடி. ஒவ்வொன்றுக்கும் அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு டிராயிங். எந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்றும் ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கத்துக்கும் காசு கொடுங்கள். ஆர்ய கவுடா ரோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.