எமனுக்கும் உண்டு லீவு

எமனுக்கும் கேஷுவல் லீவு உண்டு, தெரியுமா சார்? 1934-ல் வந்த 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே' ஹாலிவுட் படத்தில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, இளவரசன் வேஷத்தில் பூமிக்கு வருகிறார். நடித்தவர் ஃபிரெட்ரிக் மார்ச். அந்த மூன்று நாளும் உலகத்தில் ஒரு சாவு கிடையாது. ஒரு பெண் அவரைக் காதலித்து, ஆள் யாரென்று தெரிந்தும் கூடவே கிளம்பிவிடுகிறாள்!

குளத்தூர் வீட்டுத் திண்ணையில் அப்பத்தாவுக்கு இதை லேப்டாப்பில் போட்டு, கதையைத் தமிழில் சொன்னேன். "நம்மூர் எமன்னா 'லக்கி மேன்' கவுண்டமணிதான்" என்று ஜோக்கடித்தேன்.

அப்பத்தா சிரிக்கவில்லை.

"எமனுக்கே மூணு நாள் லீவு குடுத்திருக்காக. தாத்தா இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப உனக்கு ஒரு நாள் குடுக்கலியேப்பா, அந்தப் பாவிக?"

அது மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம். நான் லீவே கேட்கவில்லை.

அதை இன்னும் அப்பத்தாவிடம் சொல்லவில்லை.