இடைவெளியில் நடப்பவர்கள்

நெடும்பயணம் போய்வந்தோம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். யானை வழித்தடங்களுக்காக நடந்தும் சைக்கிள் மிதித்தும் போகிற எங்களுக்கு அந்தக் கணக்கு பெரிதல்ல. காடு அறுபடாமல் இருக்கும் இடத்தில் எங்களுக்கு வேலையே இல்லை. அனுமதியில்லாமல் அங்கே நுழைவது குற்றமும்கூட. ஒரு காடு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை வாழைத்தோப்பு, செங்கல் சூளை, ரிசார்ட் மதில், நெடுஞ்சாலை என்று கிடக்கிறதே, அதுதான் எங்கள் பாதை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1987 நவம்பரில் 'மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்போம்' என்று ஓர் அணி கன்னியாகுமரியிலிருந்தும் இன்னோர் அணி மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலிருந்தும் கிளம்பி, 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தன. பத்தாண்டு கழித்து கார்ஸ்டன் ஹோயர் என்ற கனடாக்காரர், அமெரிக்காவின் யெல்லோஸ்டோனிலிருந்து யூகான் வரை சுமார் 3,400 கிலோமீட்டர் நடந்தும் பனியில் சறுக்கியும் படகு வலித்தும் போனார். ஒரு கரடியால் அந்த மலைத்தொடர் நெடுக இன்னும் போக முடியுமா என்று பார்ப்பதே அவர் நோக்கம்.

எனக்குப் பழகியது முதுமலையில் தொடங்கி சத்தியமங்கலம், அந்தியூர் வழியாக ஒகேனக்கல் பக்கம் போகும் வழி. 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமும் 2024-இல் ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் சரணாலயமும் அறிவிக்கப்பட்ட பிறகு, வரைபடத்தில் நீலகிரியிலிருந்து காவிரிக்கரை வரை ஒரே பச்சை விரிப்பாகத் தெரிகிறது. அந்த விரிப்பு எங்கெங்கே கிழிந்திருக்கிறது என்பது சைக்கிளில் போனால்தான் தெரியும்.

சீகூரை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே மாயாற்றின் ஆழமான பிளவு, தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு. யானை இரண்டிலும் ஏறி இறங்க முடியாது. நடுவே இருக்கும் மேட்டுநிலம் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே வேலிகளும் தங்கும் விடுதிகளும் முளைத்தன. அந்த நிலத்தை யானை வழித்தடமாக அரசு அறிவித்தது செல்லும் என்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தீர்ப்பை வாசித்தபோது புரியாத நெருக்கடி, ஊர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் வேலி தொடர, ஒதுங்க இடமில்லாமல் நடந்தபோது எனக்குப் புரிந்தது.

இந்த வேலையில் கால் வலுவைவிடக் கண் பழக்கம் முக்கியம். சாலையோரச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரை நான் விடாமல் பார்ப்பேன். என் தோள் உயரத்தில் காய்ந்த சேறு அப்பியிருந்தால், யானை உரசிப் போயிருக்கிறது என்று அர்த்தம். அருகில் லத்தி கிடக்கும். மேலே ஈரம் பளபளத்தால் அதற்குமேல் ஓர் அடி வைக்கக்கூடாது. வந்த வழியே திரும்பிவிட வேண்டும். உலர்ந்ததாக இருந்தால் குச்சியால் கிளறிப் பார்க்கலாம். புல்லும் மூங்கில் நாரும் இருந்தால் காட்டில் மேய்ந்தது. கரும்புச் சக்கையும் பிளாஸ்டிக் உறையும் இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

நன்றாக விடிந்த பிறகே கிளம்புவோம். நாலு மணிக்குள் ஓர் ஊரில் ஒதுங்கிவிடுவோம். அந்திக்குப் பிறகு சாலை விலங்குகளுக்கு உரியது. பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் நடுவே 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதும் அதனால்தான். சோம்பல்பட்டுத் தாமதமாகக் கிளம்புகிறவர்களை நான் உடன் அழைத்துப் போவதில்லை.

சாயங்காலம்தான் உண்மையான வேலை ஆரம்பம். தாளவாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில், பரண் மேல் டார்ச் லைட்டோடு காவலுக்கு ஏறிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஆனைக்கு வழி கேட்டு வாரீங்க, செரி. ராத்திரிப் பூரா முழிச்சிருக்கற எங்களுக்கு ஆருங்கண்ணு கேக்கறது?" சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரே இரவில் போன பயிரைக் காட்டினார். இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்த மனுவின் நகலை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். அவரிடம் வழித்தடம் பற்றிய நோட்டீஸை நீட்டிப் பாடம் நடத்துவது அநியாயம். வழித்தடம் அடைபட்டதால்தான் யானை அவர் தோட்டத்துக்கு வருகிறது. அடைத்தவர்கள் பெரும்பாலும் அங்கே வசிப்பதில்லை. அதனால் பயிர்ச்சேதத்தை முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறோம், இழப்பீட்டு மனு எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிக்கிறோம். காடுகளை இணைக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான். அந்தப் பொறுமை இல்லாத பயணம், எவ்வளவு தூரம் போனாலும் வெறும் சாகசம்.

மலையடிவாரச் சாலைகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது 'மனைகள் விற்பனைக்கு' என்ற பலகை. வாங்குகிறவர்களில் பலர் என்னைப் போலவே காட்டை நேசிப்பவர்கள். அவர்களிடம்தான் இந்த வேண்டுகோள்: பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதற்கு முன், அந்த ஊரில் ஆடுமாடு மேய்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, யானை எந்தப் பக்கமாகப் போகும் என்று கேளுங்கள். அவர் அந்த மனையைக் கைகாட்டினால், வாங்காதீர்கள்.