ஏழு குழியும் ஒரு பட்டனும்

அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியும் சண்டை ஓயவில்லை. நானும் ஆபீஸ் நண்பனும் 'ஜெல்டா' வீடியோ கேம் பைத்தியங்கள். 2011-ல் வந்த 'ஸ்கைவர்டு ஸ்வோர்டு' ஆட்டத்தில் நாம் கையை வீசினால்தான் கத்தி சுழலும். "அதாண்டா விளையாட்டு!" என்பது அவன் கட்சி. "2021-ல அவங்களே பட்டன் குடுத்துட்டாங்கல்ல?" என்பது என் கட்சி. மேப்பைத் தொட்டால் நினைத்த இடத்துக்குப் பறக்கும் வசதியும் அப்படித்தான். எனக்கு வரம், அவனுக்குப் பாவம்.

பக்கத்திலேயே சித்தன்னவாசல் மலை. ஏழடிப்பட்டம் குகைக்குப் போக, பாறையில் வெட்டிய ஏழு குழிகள்தான் படி. நமக்காவது பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி உண்டு. சுமார் 2,000 வருஷத்துக்கு முன் இங்கே தவமிருந்த சமணத் துறவிகளுக்கு ஏது கம்பி? 'பிரெத் ஆஃப் தி வைல்டு' (2017) ஆட்டத்தில் மலை ஏற ஏறப் பச்சை வட்டம் தேயுமே... என் வட்டம் பாதியிலேயே காலி!

குகையில் வழவழவென்று கல் படுக்கைகள். சில்லென்று காற்று. "மேப்பைத் தொட்டு வந்திருந்தா இந்தக் காத்து கிடைச்சிருக்குமாடா?" என்றான். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை.

இறங்கும்போதுதான் உறைத்தது. அந்த ஆட்டத்திலும் ஒரு தடவை கால் வலிக்கப் போய்ச் சேர்ந்த கோயிலுக்குத்தான் அப்புறம் பறக்க முடியும். ஆக, சித்தன்னவாசலுக்கு இனி நான் பறக்கலாம். கண்டக்டர் மட்டும் டிக்கெட் கேட்பார்!