பரானா பைன் மரத்தில் ஒரு போலந்து

பிரேசிலின் தெற்கே, குரிச்சிபா நகரத்துக்குள் 'போப்பாண்டவர் தோப்பு' என்றொரு காடு. அங்கே பரானா பைன் மரங்களை அண்ணாந்து பார்த்தால், காற்றில் மேல்நோக்கி மடங்கிப்போன குடை மாதிரி நிற்கின்றன. அந்த மரத்தை வெட்டித்தான் போலந்துக் குடியேறிகள் வீடு கட்டினார்கள். அந்த வீடுகளைப் பழைய குடியிருப்புகளிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். உருட்டுக்கட்டைகளின் முனைகளை வெட்டி ஒன்றோடொன்று பூட்டிய சுவர். தடவினால் கோடரித் தடம் விரலில் தட்டுகிறது. 1980 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது, அந்தப் போலந்துக்காரருக்காக இவற்றில் ஒரு வீட்டைக் கால்பந்து மைதானத்திலேயே நிறுத்தினார்களாம்!

உள்ளே, முட்டைக்கோஸைப் புளிக்கவைக்கும் மரப்பீப்பாய். அதை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தை மாதக்கணக்கில் மூடும் பனிக்கு அஞ்சியவர்கள் கண்டுபிடித்த சேமிப்பு அது. இந்தப் பரானா மாநிலத்தில் குளிர் உண்டு, அப்படிப்பட்ட பனி கிடையாது. ஆனாலும் பீப்பாயைக் கைவிடவில்லை.

அவர்கள் கிளம்பிய காலத்தில் உலகப்படத்தில் போலந்தே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டிருந்தன. ஆஸ்திரியாவின் கையிலிருந்த கலீசியாவிலிருந்து, 1890களில் நிலமில்லாத உக்ரைனியர்களும் திரளாகக் கப்பலேறினார்கள். திரும்பிப் போக ஒரு நாடு இல்லாதவர்கள், மனதிலிருந்த ஊரைக் கிடைத்த மரத்தில் எழுப்பிக்கொண்டார்கள். எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் அந்த நாட்டில் தென்படவில்லை, இத்தனைக்கும் இகுவாசு அருவி இதே பரானாவில்தான் கொட்டுகிறது.

மேற்கே புருதெந்தோபொலிஸில் பெரும்பாலோர் உக்ரைனிய வம்சம். கோயில்களுக்குக் குமிழ்க் கூரை. ஈஸ்டருக்கு முட்டை ஓட்டில் மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள். வசந்தத்தை வரவேற்கும் சித்திரம் அது. இங்கே ஈஸ்டர் இலையுதிர்காலத்தில் வருகிறது!

ஊரின் பெருமை 'க்ராகோவியா' என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. உக்ரைனியர் ஊரின் உணவுக்குப் போலந்து நகரத்தின் பெயர். கலீசியாவில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் அல்லவா?

1938இல் பிரேசில் அதிபர் வர்காஸின் அரசு அந்நிய மொழிப் பள்ளிகளை மூடியது. மொழி அடுப்படியிலும் கோயிலிலும் பிழைத்துக் கிடந்தது. 2021இல் இந்த ஊர் உக்ரைனிய மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி கொடுத்தது. தொத்திறைச்சியை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டே கடைக்கார அம்மா சொன்னார்: "எங்க பாட்டி ஒளிஞ்சு படிச்ச மொழி ஐயா. இப்ப நகராட்சி ஆபீஸ்லயே பேசுறேன்."