நாலு பேர்

'நாலு பேர் அறிய வாழ வேண்டும்' என்றும் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்றும் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அந்த நால்வர் யார் என்று பெரியவர்களும் விளக்கியதில்லை, நாமும் கேட்டதில்லை. ஆயினும் அதில் ஒரு கணக்கு இருந்தது. புகழ்கிறவர்களும் பழிக்கிறவர்களும் அதே நாலு பேர்தாம். அவர்கள் நம்மை அறிவார்கள். அவர்களை நாமும் அறிவோம்.

தில்லித் தமிழருக்குப் புகழ் என்றால் என்ன என்பதற்கு என் இளமையில் ஓர் இலக்கணம் இருந்தது. அது சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரல். இந்தத் தலைநகரில் அமர்ந்து அவர் வானொலியில் வாசித்த தமிழ்ச் செய்தியைக் கேட்டுத்தான் தமிழகத்துத் தேநீர்க் கடைகள் பொழுதை அறிந்தன. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அந்தக் குரலை அறியாதவர் இல்லை. முகத்தை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அவருடைய வீட்டில் என்ன சமைத்தார்கள், யாரோடு யாருக்குப் பிணக்கு என்றெல்லாம் எவருக்கும் கேட்கத் தோன்றியதுமில்லை. 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில், எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே மற்றொருவர் தொலைக்காட்சிக்குள் நுழைந்தார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பலரை ஒரு வீட்டில் அடைத்து, சுற்றிலும் படக்கருவிகளை வைத்து, அவர்கள் உண்பதையும் அழுவதையும் ஊருக்குக் காட்டும் நிகழ்ச்சி 1999-இல் நெதர்லாந்தில் பிறந்தது. ஜார்ஜ் ஆர்வெல் தம் நாவலில் அச்சமூட்டுவதற்காகப் படைத்த 'பெரிய அண்ணன்' என்ற பெயரையே வேடிக்கைக்காக எடுத்துக்கொண்டார்கள். அச்சுறுத்த வந்தவர் விளம்பரம் வாங்கித் தருபவராக ஆகிவிட்டார்! 2006-இல் இந்தியில் அவர் 'பிக் பாஸ்' ஆனார். 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் கைபிடித்துத் தமிழுக்கும் அழைத்து வந்தார்.

அந்த முதல் ஆண்டிலேயே இணையப் புகழ் அந்த வீட்டின் கதவைத் தட்டியது. 2017 ஜனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது, ஜூலியானா என்ற செவிலியர் எழுப்பிய முழக்கங்கள் கைப்பேசிகள் வழியே நாடெங்கும் பரவின. வீரத்தமிழ்ப் பெண் என்று கொண்டாடினார்கள். ஐந்தே மாதத்தில் அவர் 'பிக் பாஸ்' வீட்டில் இருந்தார். அங்கே சக பெண்ணொருவரைப் பற்றி அவர் சொன்ன சொல் மெய்யா பொய்யா என்று ஒளிப்பதிவைத் திரையிட்டு விசாரித்தார்கள். 'குறும்படம்' என்ற சொல்லுக்கே அதன்பின் புதுப்பொருள் பிறந்துவிட்டது. கொண்டாடிய கைப்பேசிகளே வசைமாரி பொழிந்தன. கடற்கரையில் நின்ற பெண்ணும் வீட்டுக்குள் இருந்த பெண்ணும் ஒருவரே. அங்கே சில நிமிடங்களில் அவரை முழுதாக அறிந்துவிட்டதாக நினைத்தோமே, அதைத்தான் நான் யோசிக்கிறேன்.

இனி, முன் சொன்ன அன்பர். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரர் ஜி. பி. முத்து. டிக்டாக்கில் பேர்பெற்றார். 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளுள் ஒன்றாக அதையும் அரசு தடை செய்தபின் யூடியூபுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்கு ஊரார் கடிதமும் பொட்டலமும் அனுப்புவார்கள். பாதி அன்பு, பாதி கேலி. அவற்றைப் பிரித்துப் படித்து அவர் ஏசுவதைக் கேட்கவே ஒரு கூட்டம். எண்பதை எட்டும் என் தாயார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், சன்னலுக்கு வெளியே இந்தி மட்டுமே கேட்கும் ஊரில், தம் மண்ணின் ஏச்சைக் கேட்பதில் அவருக்கு அப்படி ஓர் இன்பம். நாகரிகக் குறைவு என்று நான் முகம் சுளித்தால், "ஏசுனா என்னல? நம்மூருப் பேச்சுல்லா!" என்பார்.

2022 அக்டோபர் 9 அன்று முத்து 'பிக் பாஸ்' வீட்டில் நுழைந்தார். தனியே உலவிய அவரிடம் கமல்ஹாசன் ஆதாமின் நிலையை ஒப்பிட்டுப் பேச, ஆதாம் யார் என்று அவர் வினவியதைக் கேட்டு நாடே சிரித்தது. அவருக்கு வாக்குகளுக்குக் குறைவிருந்திருக்காது. ஆனால் இரண்டு வாரத்திலேயே, மகனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தாமாகவே வெளியேறிவிட்டார். அன்றிரவு என் தாயார், "அவன் மனுசன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உறங்கப் போனார்.

தில்லியிலும் இந்தக் காட்சிகளுக்குக் குறைவில்லை. 2023 ஜூனில் புனீத் சூப்பர்ஸ்டார் என்பவர் இணையத்தில் செய்துவந்த கோமாளித்தனத்தை இந்தி 'பிக் பாஸ்' வீட்டிலும் செய்தார். பற்பசையையும் தரை கழுவும் திரவத்தையும் தம்மீதே பூசிக்கொண்டார். ஒரு நாள்கூட முழுதாகத் தங்கவில்லை, அனுப்பிவிட்டார்கள். தெருவோரத்தில் வடா பாவ் விற்றுப் பேர்பெற்ற சந்திரிகா தீட்சித் 2024-இல் அதே வகை வீட்டுக்குள் போனார். அவருடைய கடை முன் வடா பாவுக்காக நின்றவர்களைக் காட்டிலும், அவர் யாரோடு சண்டையிடுவார் என்று கைப்பேசியை உயர்த்தி நின்றவர்களே மிகுதி என்று தோன்றும்.

தொலைக்காட்சி இவர்களை ஏன் தேடுகிறது என்பது விளங்காத புதிரன்று. நடிகரை அழைத்தால் ஊதியம் தர வேண்டும். இவர்களோ பார்வையாளர்களையும் உடன் அழைத்து வருகிறார்கள். வாக்களிப்பதும் கைப்பேசியில், இவர்கள் பிறந்ததும் கைப்பேசியில். ஆனால் ஒன்று மாறிவிடுகிறது. தம் கைப்பேசியில் எதைக் காட்டுவது, எதை வெட்டுவது, எப்போது அணைப்பது என்பதெல்லாம் அவரவர் விருப்பம். அந்த வீட்டுக்குள் போனதும் கத்தரிக்கோல் பிறர் கைக்குப் போய்விடுகிறது. அலுவலகத்தில் இருபது ஆண்டு கோப்பு பார்த்தவனுக்கு இது எளிதில் புரியும். குறிப்பு எழுதுகிறவன் ஒருவன். எந்தப் பக்கம் மேலே போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் வேறொருவர்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஆண்டு அந்தக் கத்தரிக்கோல் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், தில்லித் தமிழ்க் குடும்பங்களின் இருமொழிக் குழப்பங்களைச் சிறு சிறு படங்களாக எடுத்து இணையத்தில் இடுகிறாள். ஆச்சியிடம் அவள் "பத்தியை அணைச்சிருங்க" என்றாளாம். இந்தியில் பத்தி என்றால் விளக்கு. ஆச்சி சாமி முன் எரிந்த ஊதுபத்தியை அணைத்துவிட்டு, "சாமிக்கு ஆகாதுட்டி" என்று சண்டைக்கு வந்தார். இதை நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நூறு டாலர் சேர்ந்ததும் பணமும் வந்தது. எனக்கோ முதலில் நினைவுக்கு வந்தது 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள். குடும்பத்தார் வணிகம் செய்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 15-ஆம் விதி. ஆச்சியோடு சண்டையிடுவது வணிகம் ஆகுமா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிரிவு அலுவலர் இருமுறை படித்துவிட்டு, அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார்.

பின்னர் சென்னையிலிருந்து ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அலுவலகம் அழைத்தது. குடும்பங்கள் போட்டியிடும் நிகழ்ச்சியாம். ஆச்சியும் பேத்தியும் தேர்வுக்கு வர வேண்டுமாம். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பேசிய பெண்மணி மிக மரியாதையாக அடுத்தடுத்துக் கேட்டார்: வீட்டில் மாமியார் மருமகள் எப்படி? சொத்துத் தகராறு உண்டா? ஆச்சி தனியே அழுவதுண்டா? என் தந்தை காலமாகி மூன்று ஆண்டு ஆகிறது. ஆச்சி அழுவதுண்டு, விடியற்காலையில், எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. என் மகள் தொலைபேசியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு, "எங்க ஆச்சி ஏசுவாங்க, அழ மாட்டாங்க மேடம்" என்றாள்.

அவளுக்கு வயது இருபது. ஒப்பந்தத்தில் என் கையொப்பம் தேவையில்லை. போகாதே என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தப் படிவத்தை எழுத்தெண்ணிப் படித்து, பதிவு செய்த எதையும் எவ்வாறும் தொகுத்துக்கொள்ளலாம் என்ற வரியின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டுக் கொடுத்தேன். அந்த வரியை மாற்ற முடியுமா என்று அவள் எழுதிக் கேட்டாள். மற்றவர்கள் எல்லாரும் ஒப்பியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. தேர்வு முடிந்தபின் சொல்கிறேன் என்று அவள் அதை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எளிதாகவும் இல்லை.

ஆச்சியோ பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் உலர்த்தியாகிவிட்டது. அந்த வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பது ஒன்றே அவருடைய கேள்வி. எதற்கும் இருக்கட்டும் என்று தமிழ்நாடு விரைவு வண்டியில் இருவருக்கும் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறது.