எழுதினவன் யார்?

ஓடுவதென்ன, பெரிய காரியமா என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். வைகறையில் எழுந்தோம், ஏரிக்கரைமீது ஓடத் தொடங்கினோம். மதகை எட்டுவதற்குள் மூச்சு முட்டிற்று, விலாவிலே குத்தல், "நில், நில்" என்றது மனம். நின்றுவிட்டோம். திண்ணையிலிருந்த பெரியவர் சிரித்தார்: "உன் உடம்புக்கு எழுதினது அவ்வளவுதான், தம்பி!"

எழுதினவன் யார்? எந்த ஏட்டில் எழுதினான்? அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. ஓடியது கால்தான், தோற்றது நெஞ்சமன்றோ!

தோழர்களே, 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் மாரத்தான் ஓட்டம். தொலைவு 42 கிலோமீட்டருக்கும் மேல். அபேபே பிகிலா எனும் எத்தியோப்பியக் காவற்படை வீரர் வெறுங்காலோடு ஓடினார். 1935இல் அவர் நாட்டின்மீது படையேவிய முசோலினி கொலுவீற்றிருந்த தலைநகர் அது! ஆக்சுமிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த கற்றூண் அவ்வழியிலே நின்றது. அதனருகேதான் வேகத்தைக் கூட்டினார் வீரர். 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் வென்றார். (பறித்த தூணைத் திருப்பித்தர அவர்களுக்கு 2005 வரை ஆயிற்று என்பது வேறு கதை.) வரத்தால் வந்த வேகமா அது? மலைநாட்டிலே நாள்தோறும் ஓடி ஓடிச் சேர்த்த வலிமை!

மறுநாளும் ஓடினோம். முழுத் தொலைவையும் எண்ணவில்லை. அடுத்த பனைமரம், அதற்கடுத்த பனைமரம் என்று நெஞ்சுக்குத் தவணை சொன்னோம். "நில்" என்ற குரல் ஓயவில்லை. அதன் பேச்சைக் கேட்பதை நாம் விட்டோம். நாற்பதாம் நாள் கரை முழுவதும் ஓடி முடித்தோம்.

பெரியவர் இப்போதும் திண்ணையில்தான் இருக்கிறார். "உனக்கு அப்படி எழுதியிருக்கு, தம்பி!" என்கிறார்.