விளக்கு எரியும் வீடுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில், ஒரு சின்ன மீனவ ஊர் இருக்கிறது. பெயரை எழுத்துப்படி தமிழில் சொன்னால் 'எலி வளை' என்று வரும். ஊர்க்காரர்கள் 'மௌசல்' என்கிறார்கள். மகள் பிரிஸ்டலில் இருந்ததால், ஒரு நவம்பர் மாதத்தில் அங்கே போய்வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பென்சான்ஸ் ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான்.

நான் பல வருஷம் அரசாங்க அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன். எந்த ஊருக்குப் போனாலும் வீடு எத்தனை, ஆள் எத்தனை என்றுதான் மனசு கணக்குப் போடும். அங்கே அந்தக் கணக்கு இடித்தது. கருங்கல் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. மாலை ஐந்து மணிக்கே நல்ல இருட்டு. ஆனால் தெருவில் விளக்கு எரிந்த வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மற்ற வாசல்களில் சுவரோடு சுவராக ஒரு சின்னப் பெட்டி. நம்பர் போட்டுத் திறந்து, சாவியை எடுத்துக்கொண்டு, வாடகைக்கு வருபவர்கள் தாங்களே உள்ளே போகலாம்.

பல வீடுகள் வெளியூர்க்காரர்களுடையவை. கோடையில் சில வாரம் வருவார்கள், மற்ற நாளில் வார வாடகைக்கு விடுவார்கள். நான் படித்த பிரெஞ்சு மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு: 'லி ஃப்ருவா', அதாவது சில்லிட்ட கட்டில்கள். ஆல்ப்ஸ் மலை ஊர்களில், வருஷத்தில் பெரும்பகுதி யாரும் படுக்காத படுக்கைகளை அப்படிச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு வசதி செய்வது லேசான காரியமில்லை. கழிப்பிடம், சாக்கடை, குப்பை வண்டி, கார் நிறுத்துமிடம் எல்லாம் ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்குத் தக்கபடி வேண்டும். பஸ், பள்ளிக்கூடம், மளிகைக்கடை மூன்றும் ஜனவரியில் மிஞ்சும் ஆட்களை நம்பி ஓட வேண்டும். ஒரு வாரம் தங்க வருபவர் ஐஸ்கிரீம் வாங்குவார். பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்க்க மாட்டார்.

இதையெல்லாம்விடப் பெரிய வசதி ஒன்று உண்டு. கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் மீட்புப் படகு. அந்த நாட்டில் இதை நடத்துவது 1824-இல் தொடங்கிய ஒரு தர்ம ஸ்தாபனம். படகில் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். அழைப்பு வந்தால் சில நிமிஷத்தில் படகடிக்கு ஓடிவர வேண்டும். அதற்கு அவர்கள் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும்.

1981 டிசம்பர் 19 இரவு, சூறாவளிக் காற்றில், யூனியன் ஸ்டார் என்ற கப்பல் எஞ்சின் நின்று பாறைகளை நோக்கித் தள்ளப்பட்டது. சாலமன் பிரௌன் என்ற மரப்படகில் எட்டுப் பேர் உதவிக்குப் போனார்கள். எல்லோரும் மௌசல்காரர்கள். அவர்களில் ஒருவருடைய பதினேழு வயது மகனும் ஓடிவந்தான். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வேண்டாம் என்று படகுத் தலைவர் அவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். நாலு பேரைப் படகில் ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு சத்தமில்லை. கப்பலில் எட்டு, படகில் எட்டு, பதினாறு பேரும் போய்விட்டார்கள்.

ஒரு நாள் கழிவதற்குள், புதிய குழு அமைக்கப் போதுமான ஆட்கள் அதே ஊரிலிருந்து பெயர் கொடுத்தார்கள். நிறுத்தப்பட்ட அந்தப் பையன் பிற்காலத்தில் மீட்புப் படகின் தலைவனாகவே ஆனான். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து இப்படிப் பெயர் வருமா?

வெளியூர்க்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் வருவதால்தான் பல கடைகள் பிழைக்கின்றன. பாட்டி வீட்டை நல்ல விலைக்கு விற்றதும் ஊர்க்காரர்களேதான். ஆனால் அந்த விலையில் இன்றைய இளம் மீனவனால் வீடு வாங்க முடியுமா?

சில ஊர்கள் ஏதோ செய்து பார்க்கின்றன. அதே கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸில், புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்தான் இருக்க வேண்டும் என்ற விதிக்கு 2016-இல் பெருவாரியான மக்கள் வாக்களித்தார்கள். ஆனால் பழைய வீடுகளை அது தொடாது. 2025 ஏப்ரல் முதல் கார்ன்வால் நிர்வாகம் இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கியது. இதனால் கஜானாவுக்குப் பணம் வரும். வீட்டுக்குள் ஆள் வருமா என்பது வேறு கணக்கு.

1963 முதல் அந்தத் துறைமுகத்தில் கிறிஸ்துமஸுக்கு வண்ண விளக்குகள் போடுகிறார்கள். பார்க்கக் கூட்டம் அலைமோதுமாம். ஒவ்வொரு டிசம்பர் 19 இரவிலும் அந்த எட்டுப் பேருக்காக ஒரு மணி நேரம் விளக்குகளை அணைக்கிறார்கள். அணைப்பதற்கும் மறுபடி ஏற்றுவதற்கும் ஊரில் ஆள் வேண்டும் அல்லவா?